காட்டுக்கும் இறவாணம் உண்டு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

காட்டுத்தீ பற்றிய பாடத்தில் வரும் 'canopy base height' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த கருத்துக்கு என் பதில்:

> 'விதான அடிப்படை உயரம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியாது என்றே நினைக்கிறேன். 'அடிப்படை' என்றதும் உரிமை, கல்வி, ஊதியம் என்று மனம் ஓடுகிறது. மரத்தலையின் கீழ்விளிம்பு கண்ணில் தெரிவதில்லை. மரத்தலைகள் சேர்ந்து அமையும் கூரைக்கு 'விதானம்' இருக்கட்டும். மண்டபத்திலிருந்து காட்டுக்கு வந்து நிலைத்துவிட்ட சொல் அது.

தரையில் புல்லையும் சருகையும் தின்னும் தீ மரத்தலைக்கு ஏறுமா என்பதுதான் கேள்வி. கனடாவின் காட்டுத்தீ ஆய்வாளர் வான் வாக்னர் 1977-இல் தந்த சமன்பாடு இரண்டு அளவுகளைக் கேட்கிறது: விதானத்தின் கீழ்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இலையில் ஈரம் எவ்வளவு. விளிம்பு தாழத் தாழ, சின்னத் தீக்கும் அது எட்டிவிடும். இது தாழ்ந்த கிளையொன்றின் உயரம் அன்று. தீயை மேலே கொண்டுபோகப் போதுமான இலையும் சுள்ளியும் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். அவை கன மீட்டருக்கு 0.011 கிலோ, அதாவது 11 கிராம் எட்டும் மட்டம் என்று ஒரு வரையறை புழக்கத்தில் இருக்கிறது.

காவிரிக் கரையில் கீற்றுக் கொட்டகையில் வளர்ந்தவனுக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. கூரை தாழ இறங்கும் ஓரம், அரிவாளைச் செருகி வைக்கும் இடம், இறவாணம். வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட்டால் பாட்டி சும்மா விடமாட்டார்; போரில் விழுந்த பொறி முதலில் தொடுவது இறவாணத்தைத்தான். ஆகவே 'இறவாண உயரம்'.

> இறவாணம் கூரையின் ஓரம்தானே? விதானத்துக்கு அடிப்பரப்பு முழுவதும் அல்லவா வேண்டும்?

நியாயம்தான், பொருத்தம் முழுமையில்லை. ஆனாலும் தீ எங்கே பற்றும் என்பதைச் சொல் காட்டிவிடுகிறது. 'கீழ்விளிம்பு உயரம்' என்பதையும் மறுக்கமாட்டேன், சற்றுச் சப்பென்று இருந்தாலும்.

தரைத் தீயை மரத்தலைக்கு ஏற்றிவிடும் இடைப்பட்ட எரிபொருளுக்கு 'ஏணி எரிபொருள்' (ladder fuel) என்பது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. 'தீயேணி' போதும். வேதாரண்யம் பக்கம் கழிக்காமல் விட்ட பனையில் காவோலை அடுக்கடுக்காகத் தொங்குமே, அதைக் காட்டினால் மாணவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

'விதானப் பரும அடர்த்தி' (canopy bulk density) என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு கன மீட்டர் விதானத்தில் எரியக்கூடிய இலையும் சுள்ளியும் எத்தனை கிலோ என்பது பொருள். 'அடர்த்தி' என்றதும் மரங்களின் நெருக்கம் என்றோ, வானத்தை மறைக்கும் விழுக்காடு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். உதறிப் போட்ட வைக்கோலுக்கும் மிதித்து இறுக்கிய போருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் களத்துச் சொல் யாரிடமாவது இருக்கிறதா?