ஜிட் சர்வரில் வெளி ஆட்களுக்குக் கதவு சாத்திய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோத்தகிரி மூடுபனி

புரோகிராம் கோடை வைத்திருக்கும் ஜிட் சர்வரில், ஜிட் கமாண்டுகளை மட்டும் விடும் ஜிட்-ஷெல் போட்டால் போதும் என்று நம்பியிருந்தவன் நான். வெளியிலிருந்து வேலை செய்கிற எல்லோருக்கும் 'ஜிட்' என்ற ஒரே யூசர். கோடை ஏற்றும் புஷ், இறக்கும் புல் தவிர வேறு எதுவும் ஓடாது.

போன ஐப்பசி மழை. கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்ததா என்று ராத்திரி லாக் பார்த்தேன். டேட்டாபேஸ் லாகில் 127.0.0.1-இலிருந்து, அதாவது சர்வருக்குள்ளிருந்தே, ஒரு லாகின். அந்த டேட்டாபேஸை வெளியே திறந்துவிட்டதே இல்லை. தூரத்திலிருந்து சர்வருக்குள் வரும் வழியான எஸ்எஸ்எச்சின் லாகில் அதே நிமிடம் ஒரு டிஜிட்டல் சாவியின் ஃபிங்கர்பிரின்ட், அதாவது அடையாளக் குறி. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். வேலையை விட்டுப் போய் மூன்று மாதமான பையனுடையது.

எஸ்எஸ்எச் கமாண்டில் மைனஸ் என் (-N), மைனஸ் எல் (-L) போட்டு, உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் வரை டன்னல் அடித்திருக்கிறான். அதில் ஷெல்லே கேட்கப்படாது, அதனால் ஜிட்-ஷெல் எழுந்திருக்கவே இல்லை. நீலகிரி ஏறும் இரண்டு வழியில், பர்லியாரில் செக்போஸ்ட் போட்டுவிட்டு குஞ்சப்பனையைத் திறந்து வைத்த கதை.

போன் செய்தேன். "சாவி இன்னும் வேலை செய்யுதான்னுதான் பார்த்தேன் அண்ணா" என்றான். அதைச் சொல்லும்போது சிரித்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பெருமாள்மலை

எனக்கு நேர் எதிர். வெளி ஆள் யாரும் வரக்கூடாது என்று, எந்த யூசரை உள்ளே விடலாம் என்று சொல்லும் 'அலவ் யூசர்ஸ்' வரியில் ஜிட்டை மட்டும் எழுதினேன். செட்டிங் கோப்பைச் சரிபார்க்கும் எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (-t) போட்டுப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. எழுத்துப் பிழைதானே அது பார்க்கும், புத்திப் பிழையை எங்கே பார்க்கும்? ரீஸ்டார்ட் செய்தேன், லேப்டாப்பை மூடினேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த வரியில் நானும் இல்லை. சர்வர் இருப்பது மதுரையில். விடியற்காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என்னையே திட்டிக்கொண்டு இறங்கினேன்.

லவ்டேல் ரயிலடி

மூடுபனி அண்ணா, ஜிட்-ஷெல்லைக் குறை சொல்லாதீர்கள். அது டன்னலைத் தடுப்பதாக எப்போது சொன்னது? எனக்கும் ஒரு தடவை இப்படி ஆனது, விடுங்கள். செய்ய வேண்டியது இதுதான். அனுமதித்த சாவிகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கு முன்னாலும் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே சொல். போர்ட் ஃபார்வர்டிங் (அந்த டன்னல்தான்), ஏஜென்ட், எக்ஸ்11, பிடிஒய் (உள்ளே உட்கார்ந்து டைப் செய்யும் டெர்மினல்) எல்லாம் ஒரேயடியாக மூடிவிடும். ஓபன்எஸ்எஸ்எச் 7.2-இல், 2016-இலேயே வந்துவிட்டது. பிடிஒய்யை மூடுவது சும்மா இல்லை. 2017-இல் ஜிட்-ஷெல்லிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள்: ஹெல்ப் பக்கத்தை, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் புரோகிராமில் திறக்க வைத்து, அங்கிருந்து வேறு கமாண்ட் ஓட்டலாம். பிடிஒய் இல்லையென்றால் அந்த வித்தை பலிக்காது. இன்னொன்று, எல்லோரும் ஒரே யூசராக வந்தால் யார் எந்த ரெப்போவை (கோட் களஞ்சியத்தை) தொடலாம் என்று ஜிட்-ஷெல் பிரித்துப் பார்க்காது. அதற்கு கிட்டோலைட் போடுங்கள். ஆள் போனால் கீடிர் ஃபோல்டரில் அவர் சாவிக் கோப்பை நீக்கி புஷ் செய்தால் முடிந்தது. ஜிட்டுக்குப் பதில் சப்வெர்ஷன் வைத்திருப்பவர்கள் என்றால் சாவி வரியிலேயே கமாண்டாக எஸ்விஎன்சர்வ் மைனஸ் டி (-t), கூடவே டன்னல்-யூசர் பெயர்...

பெருமாள்மலை

ரயிலடி, உங்கள் கதை ஒரு வரி, பாடம் ஒரு பக்கம்.

கோத்தகிரி மூடுபனி

ரெஸ்ட்ரிக்ட் அன்று ராத்திரியே போட்டாயிற்று, தம்பி. நான் கேட்டது அது இல்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதை வைத்ததே அவன்தான். கடைசி நாளில் "சாவியை எடுத்துடுங்க அண்ணா" என்று அவனே நினைவுபடுத்தினான். நாளைக்குப் பார்க்கலாம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

குன்னூர் சிம்ஸ்

இதைப் படித்துவிட்டு இப்போதுதான் எங்கள் கோப்பைத் திறந்தேன். பதினொரு சாவி. வேலையில் இருப்பது ஆறு பேர். ஒரு சாவிக்குப் பெயரே இல்லை, எந்த மெஷினுக்கும் பொருந்தும் 'ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது.