ஏரித் தண்ணீரை நிறுத்திடட்டுமா?

(குடும்பக் குழு: பெரிய வீடு)

சாந்தி சித்தி: மீனா, ஜப்பானில் கியோட்டோவில் வேலை என்றாய். ஓட்சு என்ற ஊரில் வீடு எடுத்திருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். பட்டிக்காடா?

மீனா: சித்தி! ஷிகா மாகாணத்தின் தலைநகரம் அது. 3 லட்சத்துக்கு மேல் ஜனம். கியோட்டோவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம், நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன். வாடகையும் குறைவு.

பாலு அண்ணா: அப்போ கியோட்டோவின் புறநகர் என்று சொல்லு.

மீனா: இந்த ஊர்க்காரர்கள் காதில் விழாமல் பேசு அண்ணா. கியோட்டோ தலைநகரானது 794-இல். அதற்கு முன்பே, 667-இல், டெஞ்சி பேரரசர் தலைநகரை இங்கே கொண்டுவந்துவிட்டார். ஐந்தே வருஷம்தான் நீடித்தது. அவர் இறந்ததும் அவர் மகனுக்கும் தம்பிக்கும் சண்டை, தம்பி ஜெயித்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ராணி அத்தை: சித்தப்பன் சண்டை அங்கேயுமா 😄

பெரியப்பா: மேப் பார்த்தேன். ஏரியின் தென்மேற்குக் கரையை ஒட்டி ஊர் நீளமாகப் போகிறது. அகலமே இல்லையே?

மீனா: முன்னால் பிவா ஏரி, பின்னால் ஹியெய் மலை, வடக்கே ஹிரா மலைகள். இடம் எங்கே இருக்கிறது பெரியப்பா? ஏரி மட்டும் சுமார் 670 சதுர கி.மீ. ஜப்பானிலேயே பெரியது.

பெரியப்பா: சரி, வரத்து எத்தனை, போக்கு எத்தனை? பொதுப்பணித்துறையில் இருந்தவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

மீனா: வருகிற ஆறுகள் நூற்றுக்கு மேல். இயற்கையாக வெளியே போவது செட்டா ஆறு ஒன்றுதான். அதுவும் எங்கள் ஊரிலேயே கிளம்புகிறது. கீழே போகப் போக உஜி, அப்புறம் யோடோ என்று பெயர் மாறி ஒசாகாவில் கடலில் சேர்கிறது.

பெரியப்பா: நூறு வரத்துக்கு ஒரு போக்கா? கரையோரம் மூழ்கியிருக்குமே.

மீனா: 1896-இல் மூழ்கியது. ஏரி மட்டம் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி, வடிய மாதக்கணக்கானது. 1905-இல் செட்டா ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். 32 கண். ஒவ்வொரு கண்ணிலும் மரச்சட்டங்களை ஆட்களே இறக்கி ஏற்ற வேண்டும். இப்போது இருப்பது 1961-இல் கட்டியது, எல்லாம் மோட்டார். பழையதன் ஒரு பகுதி இன்னும் ஆற்றோரம் நிற்கிறது.

பெரியப்பா: பலகை அடைப்பு! வெள்ளம் தள்ளும்போது ஊறிப்போன கட்டையைத் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பழைய அணையை போட்டோ எடுத்து அனுப்பு.

சாந்தி சித்தி: யாராவது கேஸ் புக் செய்தீர்களா?

பாலு அண்ணா: செய்தாச்சு சித்தி.

மீனா: ஒரு வேடிக்கை கேளுங்கள். கியோட்டோக்காரர்கள் கிண்டல் செய்தால் ஷிகாக்காரர்கள் பதிலுக்கு "பிவா ஏரித் தண்ணீரை நிறுத்திடட்டுமா?" என்பார்கள். கியோட்டோ, ஒசாகா, கோபே பக்கம் சுமார் 1.4 கோடிப் பேருக்கு இந்தத் தண்ணீர்தான்.

பெரியப்பா: போக்கை அடைத்தால் முதலில் மூழ்குவது ஷிகாதானே!

மீனா: 😂 அந்தப் பக்கத்துக்காரர்களும் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். போதாக்குறைக்கு அணையும் மத்திய அரசின் கையில்.

பாலு அண்ணா: கியோட்டோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் எப்படிப் போகிறது?

மீனா: மலையைக் குடைந்து. தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ நொடித்துவிட்டது. ஊரைத் தூக்கிவிட இங்கிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1885-இல் தொடங்கி 1890-இல் முடித்தார்கள். முதல் சுரங்கமே 2.4 கி.மீ. வேலையைப் பொறுப்பேற்ற தனாபே சாகுரோவுக்கு அப்போது 23 வயது. மறுவருஷமே அந்தத் தண்ணீரில் கரண்ட் எடுத்தார்கள், அப்புறம் கியோட்டோவில் டிராம் ஓடியது.

பெரியப்பா: 23 வயதில்! எங்கள் ஆபீஸில் அந்த வயதுப் பையனிடம் அளவு டேப்பைத்தான் கொடுப்போம்.

மீனா: கியோட்டோ நகராட்சி இன்றைக்கும் வருஷாவருஷம் ஷிகாவுக்கு "நன்றிப் பணம்" கட்டுகிறது.

ராணி அத்தை: கொடுக்கிறார்களே, அதுவே பெரிசு. தண்ணீர் சுத்தமா?

மீனா: 1977-இல் பாசி மண்டி ஏரி செந்நிறமாகிவிட்டது அத்தை. சலவைத் தூளில் இருந்த பாஸ்பரஸும் ஒரு காரணம். இங்கே பெண்கள் திரண்டு சலவைத் தூளை விட்டுவிட்டு சோப்புக்கு மாறினார்கள். 1979-இல் மாகாணமே பாஸ்பரஸ் சலவைத் தூளுக்குத் தடைச் சட்டம் போட்டது. இப்போது பரவாயில்லை.

ராணி அத்தை: கோயில்?

மீனா: ஹியெய் மலையில் என்ரியாகு-ஜி. பிரதான மண்டபம் ஓட்சு எல்லைக்குள். ஆனால் 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது "பண்டைய கியோட்டோ" என்ற தலைப்பில். ஊர்க்காரர்களுக்கு எரியாதா?

பாலு அண்ணா: ஆபீஸுக்கு அந்தப் பத்து நிமிட ரயிலா?

மீனா: அவசரமென்றால் அது. இல்லையென்றால் கெய்ஹான் என்ற தனியார் ரயில். ஹமாஓட்சுவில் நாலு பெட்டி ரயில் நடுரோட்டில் வரும், பக்கத்தில் காரும் பஸ்ஸும். அப்புறம் மலை ஏறி, கியோட்டோவில் சுரங்கத்துக்குள் நுழைந்து மெட்ரோவாகிவிடும். தினமும் ஜன்னலோரம் பிடித்துவிடுவேன்.

சாந்தி சித்தி: சாப்பாடு? மீன் கிடைக்குமா?

மீனா: ஏரி மீன் உண்டு. ஃபுனாசுஷி என்று ஒன்று: கெண்டை மாதிரி மீனை உப்பில் ஊறப்போட்டு, அப்புறம் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அதன் வாசனை இருக்கிறதே...

சாந்தி சித்தி: லீவுக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடாதே.

பெரியப்பா: அணை போட்டோ எங்கே?