ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருந்தால் அடமானமே இல்லை என்று அர்த்தமா?

மனைதேடி:
தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். 13 வருட ஈசியில், 2016-இல் வங்கிக்கு எழுதிக் கொடுத்த எம்ஓடி (கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம்) ஒன்று நிற்கிறது. கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் அதற்குப் பதியவில்லை. கடன் முடிந்துவிட்டது என்கிறார் விற்பவர். அதன்பின் ஈசியில் எதுவும் இல்லை. அந்தப் பழைய எம்ஓடியை விட்டுவிட்டுக் கிரயம் செய்யலாமா? ஈசிக்கு வராத அடமானம் வேறு இருக்க வாய்ப்புண்டா?

மூலப்பத்திரம்:
இரண்டாவது கேள்விதான் ஆபத்தானது. வாய்ப்புண்டு.

பதிவுச் சட்டம் 1908, பிரிவு 23-இன்படி ஆவணத்தை எழுதி 4 மாதத்துக்குள் தாக்கல் செய்தால் போதும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், பிரிவு 25-இன் கீழ் அபராதம் கட்டி இன்னும் 4 மாதம் வாங்கலாம். பதிவானதும் பிரிவு 47 அதை எழுதிய நாளிலிருந்தே செல்லுபடியாக்கிவிடும். ஜனவரி 5-இல் எழுதிய அடமானப் பத்திரம் ஏப்ரல் 20-இல் பதிவாகிறது, நீங்கள் மார்ச்சில் கிரயம் பதிகிறீர்கள் என்று வையுங்கள். மார்ச் ஈசியில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் முந்துவது அடமானம்தான். ஈசியில் எழுதிய நாள், தாக்கல் நாள், பதிவு நாள் மூன்றும் வரும். கடைசியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

இன்னொன்று, கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்தாலே சொத்துரிமை மாற்றச் சட்டம் 58(எஃப்)-இன்படி அடமானம் உண்டாகிவிடும். எழுத்தில் வைத்தால் தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பின் பதிவு கட்டாயம். எழுத்தே இல்லையென்றால் பதிய எதுவும் இல்லை, ஈசியிலும் வராது. அதனால் அசல் மூலப்பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். "தொலைந்துவிட்டது, சான்றிட்ட நகல் தருகிறேன்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

கடன்பிரிவு:
செர்சாயிலும் தேடுங்கள். வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டத்தின் கீழ், அடமானங்களைப் பதிய 2011-இல் தொடங்கிய மையப் பதிவேடு அது. சிறு கட்டணத்தில் சொத்து விவரம் கொடுத்தும் கடனாளி பெயர் கொடுத்தும் தேடலாம். பதியாவிட்டால் அந்தச் சட்டப்படி சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது என்று 2020 ஜனவரி 24 முதல் அமலான 26டி பிரிவு சொல்வதால், வங்கிகள் இதில் அலட்சியம் காட்டுவது குறைவு. தனியார் வட்டிக்காரர் கையில் பத்திரம் இருந்தால் இதுவும் உதவாது.

2016 எம்ஓடிக்கு, "நிலுவை இல்லை" கடிதம் மட்டும் போதாது. வங்கி அதிகாரி அதே சார்பதிவகத்தில் ரசீது எழுதிப் பதிய வேண்டும். அது ஈசியில் ஏறிய பிறகே பெரிய தொகையைக் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவுப்படி, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் 1 முதல்தான். கடன் அதற்கு முன்பே முடிந்திருந்தால் எழுத்தில் கேட்டு நச்சரிப்பதுதான் வழி.

புலஎண்:
13 வருடம் குறைவு. அடமானத்தை மீட்க 1963 காலவரையறைச் சட்டம் 30 வருடம் தருகிறது. குறைந்தது அவ்வளவு வருடத்துக்காவது ஈசி போடுங்கள். உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண்ணிலும் தனியாகத் தேடுங்கள், தாய்ப் பத்திரத்தில் அந்த எண் இருக்கும். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் ஈசி வேண்டும். எண் பொருந்தாமல் வரும் "வில்லங்கம் இல்லை" வெறும் தாள். நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதும் ஈசியில் தெரியாது. விற்பவர் பெயரை ஈகோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள்.