சமைத்தாலே கத்தும் புகை அலாரம்: அலாரத்தை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?

மாடிப்படி:
வணக்கம். எங்கள் வீட்டில் கீழே ஹாலும் சமையலறையும், மேலே மூன்று பெட்ரூமும். நாங்கள் குடிவந்தபோதே ஹால் சீலிங்கில் ஒரு புகை அலாரம் இருந்தது, அதுவும் சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, அடுப்பிலிருந்து நாலைந்து எட்டு தூரத்தில். அடுப்பில் சூடு கொஞ்சம் கூடினாலே வீறிடுகிறது. போதாக்குறைக்கு இப்போது விடியற்காலையில் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை கீச் என்று ஒரு சத்தம், பகலில் மூச்சே இல்லை. நேற்று வீட்டில் ஒருவர் பொறுக்க முடியாமல் ஏணி போட்டு ஏறி, பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சமும் நிம்மதியில்லை. புதிதாக வாங்குவதென்றால் எந்த வகை வாங்குவது, மாடி வீட்டுக்கு ஒன்று போதுமா? அம்மா மாடியில் கடைசி அறையில் படுப்பார், காது மந்தம், தூங்கும்போது காது மிஷினைக் கழற்றிவிடுவார். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஒயர்மேன்:
முதல் வேலை, இன்றைக்கே புதுப் பேட்டரி வாங்கிப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தீப்பிடித்தால் நாற்றமே எழுப்பிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தூக்கத்தில் மூக்கை நம்பவே முடியாது, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு ஆளை இன்னும் மயக்கத்தில்தான் தள்ளும்.

அந்தக் கீச் சத்தம் பேட்டரி தீரப்போகிறது என்பதற்கான அறிகுறி. விடியற்காலையில் மட்டும் வருவதற்கும் காரணம் இருக்கிறது. குளிர்ந்தால் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும், வீடு மிகவும் குளிர்வது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறியதும் வோல்டேஜ் கொஞ்சம் தேறிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும்.

வகைக்கு வருவோம். உங்களுடையது அநேகமாக அயனைசேஷன் வகையாக இருக்கும். அதற்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கிறது, அது இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை மின்சாரம் கடத்தவைக்கிறது, புகைத்துகள் உள்ளே நுழைந்ததும் அந்த மின்னோட்டம் குறைந்து அலாரம் அடிக்கிறது. கண்ணுக்கே தெரியாத பொடித்துகள்தான் இதைச் சட்டென்று கிளப்பும், சூடான அடுப்பிலிருந்து கிளம்புவதும் அதுவேதான். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும். போட்டோஎலக்ட்ரிக் வகையில் ஒரு சின்ன விளக்கும் ஒளி சென்சாரும் ஒன்றையொன்று பார்க்காத கோணத்தில் இருக்கும், புகை வந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி சென்சாரில் விழும். மெத்தை, சோபா போன்றவை மணிக்கணக்கில் கனிந்து புகையும்போது இதுதான் முந்திக்கொள்ளும். சமையலால் வரும் வீண் கத்தலும் குறைவு. ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டோஎலக்ட்ரிக் என்பேன். இரண்டும் சேர்ந்த மாடலும் உண்டு.

ஒன்று போதவே போதாது. பெட்ரூம் ஒவ்வொன்றிலும் ஒன்று, பெட்ரூம்களுக்கு வெளியே நடையில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கக்கூடியதாக வாங்குங்கள், கீழே ஒன்று புகையைப் பிடித்தால் மாடியிலும் எல்லாம் சேர்ந்து அடிக்கும், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவருக்கு அது ரொம்ப முக்கியம். இணைப்புக்கு ஒரே கம்பெனி மாடல்களாக இருப்பது நல்லது. அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி மாட்டுங்கள். குளியலறை வாசல், மின்விசிறி, ஜன்னல் பக்கம் வேண்டாம். சுவரில் மாட்டுவதென்றால் சீலிங்கிலிருந்து 4 முதல் 12 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

நூலாம்படை:
மேலே சொன்னதோடு ஒன்று. அலாரத்தை லேசாகத் திருப்பினால் அடித்தட்டிலிருந்து கழன்று வரும், பின்பக்கத்து ஒட்டுத்தாளில் தயாரித்த தேதி இருக்கும். வாங்கிய தேதியை விட்டுவிடுங்கள், தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம் ஆகிவிட்டால் பேட்டரி புதிதாக இருந்தாலும் டெஸ்ட் பட்டனுக்குச் சத்தம் போட்டாலும் மாற்றத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டன் பெரும்பாலான மாடல்களில் பேட்டரி, சர்க்யூட், ஹாரன் இவற்றைத்தான் சோதிக்கிறது, புகை நுழையும் அறை தூசியால் அடைத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இருந்தாலும் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அதைவிட எளிய சோதனை கிடையாது.

சுத்தம் செய்வதை யாரும் கவனிப்பதில்லை. ஓரத்து ஓட்டைகள் வழியாகச் சின்னப் பூச்சி உள்ளே போய்விடும், நூலாம்படை கட்டும், போட்டோஎலக்ட்ரிக் வகையில் அந்த ஒரு பூச்சியே வெளிச்சத்தைச் சிதறடித்து நடுராத்திரியில் அலறவைக்கும். வேக்குவம் கிளீனரில் மெல்லிய பிரஷ்ஷை மாட்டி ஓரங்களை உறிஞ்சி எடுங்கள், தண்ணீரும் ஸ்பிரேயும் வேண்டாம். பெயின்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு அன்றைக்கே மாட்டிவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் பட்டால் போச்சு. வீண் கத்தலுக்கு நிறுத்தி வைக்கும் பட்டன் உள்ள மாடலாகப் பாருங்கள், அழுத்தினால் சில நிமிடம் அடங்கியிருந்து தானாகவே மறுபடி காவலுக்கு வந்துவிடும், பேட்டரியில் யாரும் கைவைக்கத் தேவையிருக்காது.

இரவுப்பணி:
அம்மா விஷயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாதாரண அலாரம் ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸில் கீச்சிடும், வயதானால் முதலில் போவது அந்த உயர்ந்த ஒலிதான். காது மிஷினும் இல்லாமல் தூங்கும்போது அவர் அறைக்குள்ளேயே அது அடித்தாலும் எழுப்பும் என்று நம்பி இருக்காதீர்கள். 520 ஹெர்ட்ஸில் கனத்த குரலில் அடிக்கும் மாடல்கள் இருக்கின்றன, காது மந்தமானவர்களை அது நன்றாகவே எழுப்புகிறது. அதோடு தலையணைக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ வைக்கும் அதிர்வுத் தட்டு கிடைக்கும், பளிச் பளிச்சென்று அடிக்கும் விளக்கும் உண்டு. மற்ற அலாரங்களோடு இணையுமா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அம்மா நிஜமாகத் தூங்கும்போது ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் (முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு). சின்னப் பிள்ளைகள் இருந்தாலும் இதே சோதனை செய்யுங்கள், பலத்த சத்தத்திலும் எழாமல் தூங்குகிற பிள்ளைகள் நிறைய. அலாரம் அடித்தால் யார் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வருவது, வெளியே எங்கே கூடுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. கழற்றிப் பார்த்தேன், 2011 என்று அச்சடித்திருக்கிறது, ஆக அதை மாற்றியே ஆகவேண்டும். போட்டோஎலக்ட்ரிக்கில் இணைக்கக்கூடிய செட்டாக வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், அம்மாவுக்கு அதிர்வுத் தட்டும். பழையதில் கதிரியக்கப் பொருள் என்றீர்களே, குப்பையில் போடலாமா?

ஒயர்மேன்:
முழுசாக இருக்கும்வரை பயமில்லை, அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் ஒரு காகிதத்தையே தாண்டாது. உடைக்கவோ பிரிக்கவோ எரிக்கவோ மட்டும் வேண்டாம். குப்பை விதி ஊருக்கு ஊர் மாறும், அதனால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள், தயாரிப்பாளரே திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. புதுசு வந்து மாட்டும்வரை பழையது பேட்டரியோடு மேலேயே இருக்கட்டும்.