குவாரண்டைனுக்குத் தமிழ்: தனிமைப்படுத்தலா, மறியலா, காவலா?

அன்பின் நண்பர்களுக்கு,

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெற்றோருக்காக, வீட்டுக் கணினிக்கு நம்பகமான வைரஸ் தடுப்பியை எப்படித் தெரிவு செய்வது என்று இரண்டு பக்கக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது அதிகமில்லை. விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற தடுப்பி கணினியோடு சேர்ந்தே வருகிறது. அதை அணைக்காமல், புதுப்பித்து வைத்திருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். காசு கொடுத்து வேறொன்று வாங்குவதென்றால் ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு தடுப்பிகளை ஓடவிடக்கூடாது. "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்" என்று இணையத்தில் திடீரென முளைக்கும் பெட்டியை நம்பி எதையும் தரவிறக்கக்கூடாது. இவ்வளவையும் ஒரே மாலையில் எழுதிவிட்டேன். ஒரு சொல்லில் மட்டும் மூன்று வாரமாக நிற்கிறேன்: குவாரண்டைன். சந்தேகமான கோப்பைத் தடுப்பி பிடித்து ஒதுக்கி வைப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள்.

முதற் பிரதியில் 'தனிமைப்படுத்தப்பட்டது' என்றுதான் எழுதினேன். அதை உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்திக்குக் கொடுத்திருந்தேன். அவள் தன் செயற்றிட்டத்துக்காக எக்செல் கோப்பு ஒன்றில் மேக்ரோ, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதியிருந்தாள். தடுப்பி அதைச் சந்தேகித்து உள்ளே போட்டுவிட்டது. அவள் கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். கொரோனா காலத்தில் அவர்களுடைய லயத்தையே, தோட்டத்து வரிசை வீடுகளையே, தனிமைப்படுத்தியிருந்தார்கள்; குறுக்கே கயிறு கட்டி, 14 நாள் கழித்து அவிழ்த்துவிட்டார்கள். கோப்பும் அப்படியே 14 நாளில் வெளியே வரும் என்று காத்திருந்தாள். பதினைந்தாம் நாள், மடிக்கணினியை உரப்பையில் சுற்றி, மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மீட்டுக் கொடுக்க எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. ஒப்படைக்க வேண்டிய நாளோ முந்தைய வெள்ளிக்கிழமையே கடந்துவிட்டிருந்தது.

அவள் தவறாகப் படிக்கவில்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது. குவாரண்டைன் என்பதே வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை நிறுத்திவைத்த நாற்பது நாட்களிலிருந்து வந்த சொல். எங்கள் மக்களுக்கு அது புதிதும் அல்ல. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரை இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். நோயற்றவருக்கும் அங்கே நாள் கணக்குத்தான்.

கணினியில் நடப்பது வேறு. தடுப்பி ஒரு கோப்பைச் சந்தேகிக்கிறது. இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, இயங்க முடியாதபடி உருமாற்றி, மறைவான இடத்தில் வைக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்கிறது. அழிப்பதா விடுவதா என்பதைக் கணினிக்காரர் சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் நாட்டில் தினமும் பத்திரிகையில் வரும் சொல்லே இருக்கிறது: "சந்தேகநபரை எதிர்வரும் 12 ஆம் திகதிவரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்." விளக்கம் என்றால் வழக்கு விசாரணை. விசாரணை முடியும்வரை மறியல். ஆகவே 'மறியல்' என்றும் 'மறியலில் வை' என்றும் முன்மொழிகிறேன்.

— ஹட்டனிலிருந்து

*

ஐயா, உங்கள் வாதம் சரி, சொல்தான் இங்கே எடுபடாது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலை மறியல், ரயில் மறியல். 'கோப்பு மறியலில் உள்ளது' என்று படித்தால், ஏதோ ஒரு கோப்பு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் என் அம்மா நினைப்பார். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல் வேண்டும். 'தடுப்புக்காவல்' எப்படி?

— மதுரையிலிருந்து

*

விளக்கமறியலுக்கும் திகதி உண்டே அண்ணன். நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்திலேயே 12 ஆம் திகதி இருக்கிறது. அந்தப் பிள்ளை அந்தத் திகதிவரை காத்திருந்தால் என்ன செய்வீர்கள்? 'காவலில் வை', 'விடுவி', 'அழி' என்று மூன்றே பொத்தான்களாக வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. குற்றமற்ற கோப்பைத் தடுப்பி பிடிப்பதற்குப் 'பொய்நேர்' என்று எழுதுகிறோம். அது கணக்குப் பாடத்துச் சொல். வீட்டில் நாம் 'வீண்பழி' என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

— பதுளையிலிருந்து

*

இருவருக்கும் நன்றி.

'தடுப்புக்காவல்' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டில் அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அந்தச் சொல்லுக்குள் எங்கள் பிள்ளைகளை வைத்திருந்தன. வழக்கே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. தன் மகன் வீடு திரும்பக் காத்திருந்த தாய்க்கு அந்தச் சொல்லைக் கணினித் திரையில் காட்ட என் கை வராது.

திகதி பற்றித் தங்கை சொன்னது சரி. நீதிமன்றத்தில் அந்தத் திகதி மீண்டும் முன்னிலைப்படுத்தும் நாள்தான், தானாக விடும் நாள் அன்று. ஆனால் அந்த நுணுக்கத்தை ஒரு பொத்தானில் சொல்ல இயலாது. மறியலை விட்டுவிடுகிறேன்.

'காவல்' பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கொழுந்து மலைக்கும் காவல்காரர் இருக்கிறார். 'காவலில் உள்ளது' என்றால் பத்திரமாக இருக்கிறது என்றும் படிக்கலாம். 'காவலில் வைக்கப்பட்டது' என்று முழுதாக எழுதினால் அந்த மயக்கம் தீர்ந்துவிடுகிறது. எந்நேரமும் கண்காணிக்கும் வேலைக்குக் 'காப்பு' என்று எழுதிவிட்டால் இரண்டும் மோதாது.

'வீண்பழி'யை இரு கையாலும் ஏற்கிறேன். தடுப்பியின் தரத்தை எடைபோடும்போது பலரும் மறக்கும் பக்கம் அது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற தடுப்பி நிறுவனம் வெளியிட்ட புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே நச்சுநிரல் என்று பிடித்தது. கணினிகள் வலையமைப்பை இழந்து, திரும்பத் திரும்ப மீளத் தொடங்கிக்கொண்டிருந்தன. எத்தனை வைரஸைப் பிடித்தது என்பதோடு எத்தனை வீண்பழி சுமத்தியது என்பதையும் சோதனைக்கூடங்கள் எண்ணுவது இதனால்தான். கையேட்டில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "வீண்பழி குறைந்த தடுப்பியாகப் பார்த்து எடுங்கள். கோப்பு காவலில் வைக்கப்பட்டால், அது உங்களுடையதா, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விடுவியுங்கள். தெரியாவிட்டால் காவலிலேயே இருக்கட்டும். அங்கிருந்து அதனால் எதையும் கெடுக்க முடியாது."

நேற்று அந்த மாணவியிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தேன், எதையும் விளக்காமல். உன் கோப்பு காவலில் வைக்கப்பட்டது என்று வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"எதற்காக வைத்தார்கள் என்று அன்றைக்கே போய்க் கேட்பேன் சேர்" என்றாள்.

— ஹட்டனிலிருந்து