பள்ளிக்கு வந்த நிதி, பயிற்சி, உதவித்தொகை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தலைமையாசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

நானே தொடங்கி வைக்கிறேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 27 பிள்ளைகள். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் போனால் ஒரு லட்சம். எங்களுக்கு 10,000. அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மீதி 9,000 ரூபாயில்தான் சாக்பீஸ், பதிவேடு, பூட்டு, மோட்டார் ரிப்பேர் எல்லாம். பிள்ளைகள் குறைவு என்பதற்காக எங்கள் செலவும் அதே அளவுக்குக் குறைந்துவிடாது. சின்னப் பள்ளிகளின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு குழாயைப் பற்றி. அந்த ஆண்டு பணம் பிப்ரவரி கடைசியில்தான் கணக்கில் தெரிந்தது. மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினேன். நான் மனதில் வைத்திருந்தது பெயின்ட். சுவர் பார்க்கவே மோசமாக இருந்தது. குழுத் தலைவி ஒரு மாணவனின் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "சார், சின்னதுங்களுக்குக் குழாய் எட்டல. பெரிய பிள்ளைங்க தொறந்து விட்டாத்தான் கை கழுவுதுங்க. இல்லாட்டி அப்படியே சாப்பிட உக்காந்துடுதுங்க" என்றார்.

அதே பள்ளியில் ஆறு வருஷம் இருக்கிறேன், என் கண்ணில் அது படவே இல்லை. மறுநாள் மதியம் நின்று பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொட்டிச் சுவரில் ஒரு காலை ஊன்றி எம்பினாள். விரல் நுனிதான் குழாயைத் தொட்டது. திருக முடியவில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

பெயின்ட் வேண்டாம் என்று முடிவானது. ஆனால் குழாயை இறக்குவதற்குள் படாத பாடு. பணம் இப்போது கையில் வருவதில்லை, கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகும். அவரை இணையத்தில் வெண்டராக, அதாவது விற்பனையாளராகப் பதிந்து, பிபிஏ எனும் பணம் செலுத்தும் ஆணையைப் பிரின்ட் எடுத்து, நானும் தலைவியும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் முறையான பில் கிடையாது. கச்சிராயபாளையத்துக்கு மூன்று முறை போனேன். தலைவி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கு வந்தார். அவருடைய பஸ் காசைக்கூடக் கணக்கில் எழுத வழியில்லை.

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூன்று குழாய்கள். இப்போது ஒன்றாம் வகுப்பு தானே திறக்கிறது, தானே மூடுகிறது. சரி, நீங்கள் சொல்லுங்கள். பயிற்சி, மாணவர் உதவித்தொகை, எதுவானாலும் எழுதுங்கள்.

இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

சார், குழாய் விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் பள்ளிக் குழாயைப் போய்ப் பார்த்தேன். எங்களுடையதும் உயரம்தான்.

நான் பயிற்சி பற்றி எழுதுகிறேன். 2022 ஜூனில், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது எனக்கு 19 வருட சர்வீஸ். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒரே அறையில் மூன்று விதமாகப் பாடம் நடத்தச் சொன்னார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு வந்த பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், அகர வரிசை தெரியாது. நிலைமை எனக்குப் புரிந்தது. ஆனாலும் பயிற்சி என்றதும் பேச்சைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவது என்றுதான் போனேன்.

இரண்டாம் நாள் காலை கருத்தாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். யாருக்கும் தெரியாத எழுத்தில் அவரே எழுதிய பத்து வரி. எந்தக் குறி எந்த ஒலி என்று கரும்பலகையில் ஒரே ஒருமுறை காட்டினார், உடனே அழித்துவிட்டார். "டீச்சர், நீங்க எழுந்து முதல் வரி படிங்க" என்று என்னைக் கைகாட்டினார். எழுந்து நின்றேன். நாற்பது பேர் பார்க்கிறார்கள். முதல் குறி ஞாபகம் இருந்தது, இரண்டாவது வரவில்லை. காது சூடானது. பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொல்லிக் கொடுக்க, அர்த்தம் புரியாமல் அதையே திருப்பிச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபோது என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவனும் இதையேதான் செய்வான். பக்கத்தில் இருப்பவன் சொல்வதைத் திருப்பிச் சொல்வான். "கவனிக்கலை" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கு வந்ததும் அவனை எழுப்பி நிற்க வைத்துப் படிக்கச் சொல்வதை விட்டேன். பாயில் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்குத் தெரிந்த எழுத்துகளில் மட்டும் சொல் அட்டை செய்தேன். பட்டம், படம், மடம், மரம். நவம்பரில் ஒருநாள் சத்துணவுக் கூடத்துச் சுவரில் எழுதியிருந்ததைத் தானாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

ஒரு குறையும் உண்டு. பயிற்சி நல்லது, அதற்குப் பிறகு எமிஸில், அதாவது கல்வித்துறையின் இணையத் தளத்தில், ஏற்ற வேண்டிய பதிவுகள் மிக அதிகம். பிள்ளையோடு உட்கார வேண்டிய நேரத்தில் டேப்லெட்டோடு உட்கார வேண்டியிருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இல்லம் தேடிக் கல்வி முன்னாள் தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

எங்கள் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று, தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுக்கும் இந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். நான் அப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலை ஐந்து முதல் ஏழு வரை, எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகள்.

ஆயிரம் ரூபாய்க்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். முதல் மாதம் பாதிப் பணம் சார்ட்டுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் போனது. ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையும் திண்ணைக்கு வந்தது. கொரோனாக் காலத்தில் இழந்த கற்றலை ஈடுகட்டியதில் இந்த மாலை வகுப்புகளுக்குக் கணிசமான பங்கு இருந்ததாகக் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்ததைப் பிறகு படித்தேன். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனென்றால் நாங்கள் செய்ததை யாரும் எண்ணிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததே இல்லை.

அந்த அனுபவத்தில்தான் பி.எட். சேர்ந்தேன். இப்போது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

ஆசிரியர் பயிற்றுநர், ஈரோடு மாவட்டம்

சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலையில் நடந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப்படி உண்டு, பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். பட்டியல் எடுக்கும்போது ஒரு குடியிருப்பு விடுபட்டிருந்தது. வரைபடத்தில் 2.4 கிலோமீட்டர் காட்டுகிறது, தகுதி இல்லை என்று பதில் வந்தது.

அங்கே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள். ஏன் என்று கேட்டேன். "பள்ளத்துல ஆனை நின்னா அம்மா விடாது சார்" என்றாள். மறுநாள் விடிகாலை அவர்களோடு நடந்தேன். வரைபடம் கோடு போட்டது மாதிரி நேராகப் பாதை கிடையாது. பள்ளத்தில் இறங்கி, ஓடையைச் சுற்றி, மேட்டில் ஏற வேண்டும். போனில் அளந்துகொண்டே வந்தேன், 4.1 கிலோமீட்டர். வழியில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டு நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகுதான் நடந்தார்கள். ஒரு இடத்தில் சாணம் இன்னும் ஈரமாக இருந்தது.

நடந்த பாதையின் அளவையும் படங்களையும் வைத்து மறுபடி எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்தக் குடியிருப்பின் ஒன்பது பிள்ளைகளுக்கும் கிடைத்தது. மாதம் 5,400 ரூபாய். 22 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 245 ரூபாய். அந்தப் பணத்துக்கு மலையில் ஜீப் ஓட்ட யார் வருவார்? கீழே சந்தைக்குக் காய் ஏற்றும் ஒருவர், தன் பிள்ளையும் அதே பள்ளி என்பதால் ஒப்புக்கொண்டார். நிதி வரத் தாமதமான மாதங்களிலும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. டீசல் கடன் அவர் பெயரில் ஏறியது. ஜூனில் இருந்து அந்தப் பெண் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

பட்டதாரி ஆசிரியர், திருச்சி

ஒரு தகவலைச் சேர்த்துக்கொள்கிறேன். இந்தச் சமக்ர சிக்ஷா நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேர்வது பற்றிய பிணக்கில் நின்று, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த எண்ணைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம் இனி அந்த ஜீப்தான் என் நினைவுக்கு வரும்.

கல்லூரி மாணவி, தென்காசி மாவட்டம்

ஆசிரியர்கள் நடுவே நான் எழுதலாமா தெரியவில்லை. என் அம்மா பீடி சுற்றுகிறார். எட்டாம் வகுப்பில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினேன். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. எங்கள் கணக்கு டீச்சர் சனிக்கிழமை தோறும் எட்டுப் பேருக்கு வகுப்பு எடுத்தார். யாரும் அவருக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மூன்று பேர் தேர்வானோம். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம் வீதம் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

மற்ற இருவருக்கும் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. பள்ளிச் சான்றில் என் பெயருக்கு முன்னால் இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். வங்கிப் புத்தகத்தில் இன்ஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்திருக்கிறது. அம்மா ஒவ்வொரு முறையும் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கூட வந்தார். எட்டு மாதம் அலைந்தோம். பணம் வந்த குறுஞ்செய்தியை அம்மா படிக்கச் சொல்லி நான்கு முறை கேட்டார். அந்தப் பணத்தில்தான் எனக்குக் கண்ணாடி வாங்கினோம், அதுவரை பலகையில் இருப்பது சரியாகத் தெரியாது.

பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாவதிலும் தொடரும். ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் என் தோழி ஒருத்திக்கு இடையிலேயே நின்றுவிட்டது. இப்போது நான் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்கிக்கொண்டு பி.காம். படிக்கிறேன். தயவுசெய்து, தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே பிள்ளையின் மூன்று ஆவணங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் டீச்சர்.

தலைமையாசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

தங்கச்சி, நீ எழுதியது நல்லது. எங்களிடம் ஐந்தாவது முடித்துப் போன பெண் ஒருத்தி இப்போது எட்டாவது படிக்கிறாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆதாரில் இன்ஷியல் இல்லை. சனிக்கிழமை அவள் அம்மாவோடு இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.