அம்மாவின் சோட்டலோல் குளிசையும் நான்கு நாள் வயிற்றோட்டமும்

கிளிநொச்சியிலிருந்து, உயர்தர உயிரியல் ஆசிரியை:

சோணையறைகள் (இதயத்தின் மேலறைகள்) ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்க்காக என் அம்மா இரண்டு ஆண்டுகளாகச் சோட்டலோல் 80 மில்லிகிராம் குளிசையைக் காலையும் மாலையும் எடுத்து வந்தார். சிறுபோக வெயிலில் நான்கு நாள் வயிற்றோட்டம் பிடித்து, கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாத நிலையிலும் குளிசையை மட்டும் அவர் தவறவிடவில்லை. தவறவிடக் கூடாதென்று வற்புறுத்தியவளும் நானே. ஐந்தாம் நாள் விடியலில், கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தார்.

இளம் வைத்தியர் ஈசிஜி தாளை மேசையில் விரித்து, கியூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம்வரை பேனா முனையால் சிறு கட்டங்களை எண்ணினார். 13 கட்டங்கள், அதாவது 520 மில்லிசெக்கன். 500ஐத் தாண்டினாலே ஆபத்து என்றார். இரத்தப் பொட்டாசியம் லீற்றருக்கு 2.8 மில்லிமோல் என்ற குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

சோடியம் உட்புகுந்து தூண்டிய இதயத் தசைக்கலம், பொட்டாசியம் வெளியேறினால்தான் ஓய்வுக்குத் திரும்பும். அவ்வாறு வெளியேற்றும், கலமென்சவ்விலுள்ள கால்வாய்களுள் ஒன்றைச் சோட்டலோல் அடைப்பதால் ஓய்வு தாமதமாகிறது. அந்த இடைவேளையில் கலம் வேறு தூண்டலை ஏற்காது என்பதே மருந்தின் பயன். தாமதம் அளவுமீறினாலோ, கலம் அடங்குமுன்பே கல்சியக் கால்வாய்கள் மறுபடி திறந்து தாறுமாறான துடிப்பைத் தொடக்கிவிடும்.

வெளியே பொட்டாசியம் குறைந்தால் உள்ளிருப்பது இன்னும் விரைந்து வெளியேறும் என்றே, செறிவு வேறுபாட்டை ஆண்டுதோறும் படிப்பிக்கும் நான் நினைத்திருந்தேன். அந்தக் கால்வாயோ வெளிப்புறப் பொட்டாசியம் குறையும்போது தானும் ஒடுங்கிவிடும் இயல்புடையது; மருந்தின் பிடியும் அப்போது இறுகுகிறது. போதாததற்குச் சோட்டலோல் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. உடலில் நீர் வற்றியபோது அதுவும் தேங்கிவிட்டது. மக்னீசியம் சல்பேற்று 2 கிராமும், சேலைனோடு மெதுவாகப் பொட்டாசியமும் ஏற்றி, குளிசையை நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் விளக்கியபோது அம்மா, “துருசை நீங்கள் பாதி மூடினீங்கள், குளமும் வத்திட்டுது, பிறகு வாய்க்காலிலை என்ன ஓடும்?” என்றார். பாடநூல் ஒப்புக்கொள்ளாத விளக்கம்தான், நானும் திருத்தவில்லை.

முள்ளியவளையிலிருந்து, மற்றொருவர்:

எனக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. நிமிடத்துக்கு 190 முறை நெஞ்சு அடித்துக்கொண்டிருக்க, அடினோசின் 6 மில்லிகிராமை முழங்கை நாளத்தில் ஒரே தள்ளில் ஏற்றி, பின்னாலேயே சேலைனையும் செலுத்தினார்கள். அம்மருந்து பொட்டாசியக் கால்வாயைத் திறக்கச் செய்வது. சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள கணு அதனால் சிறிது நேரம் அடங்கிப்போக, அவ்வழியே சுற்றிச் சுற்றி ஓடிய மின்தூண்டல் அறுந்துவிடுகிறது. அம்மருந்தின் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், பத்து செக்கனுக்கும் குறைவு, பயப்பட வேண்டாம் என்று தாதி முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். இருந்தும், திரையில் கோடு நேராகக் கிடந்த அந்த மூன்று நான்கு செக்கன்களும் நெஞ்சின்மேல் நெல்மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. பிறகு ஒரு துடிப்பு, சற்றுப் பொறுத்து இன்னொன்று. 78இல் வந்து நின்றது.